கறுப்பு வெள்ளைப் படமும் பேப்பரும்: ஹட்டன் ஸ்டூடியோவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் டவுனில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ், கல்யாண ஆல்பம், கருமாதிக்குப் பெரிய படம் என்று எல்லாம் வரும். கொஞ்ச காலமாக இன்னொரு கூட்டமும் வருகிறது. கெமராவும் கையுமாகத் திரிகிற தோட்டத்துப் பிள்ளைகள், தாங்களே பிரிண்டர் வாங்கி, கறுப்பு வெள்ளையில் வந்து மாட்டிக்கொண்டவர்கள். கடைப் பலகையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தபடி அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன்.

கலர் படம் அருமையாக வருகிறது. அதே பிரிண்டரில் கறுப்பு வெள்ளை மட்டும் ஏன் பச்சை அடிக்கிறது?

ஏனென்றால் அந்தப் பிரிண்டரிடம் சாம்பல் நிறம் என்று ஒரு மை இல்லை. நம் பக்கம் அதிகம் ஓடுவது எப்சன் எல்805, எல்1800 மாதிரி ஆறு கலர் டேங்க் பிரிண்டர்கள். அதில் கறுப்பு ஒன்றே ஒன்று. மீதி ஐந்தும் நீலம், இளநீலம், சிவப்பு, இளஞ்சிவப்பு, மஞ்சள். சாம்பல் வேண்டுமென்றால் இவற்றைக் கலந்துதான் அது உண்டாக்க வேண்டும். ஒரு மை இம்மியளவு கூடினாலும் குறைந்தாலும் பச்சையோ ஊதாவோ எட்டிப் பார்க்கும். கலர் படத்தில் அந்த இம்மியைச் சேலை மறைத்துவிடும், பின்னால் இருக்கிற மலை மறைத்துவிடும். கறுப்பு வெள்ளையில் ஒளிய இடமில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. கடைக்குள் எல்இடி பல்பின் கீழ் சுத்தமான சாம்பலாகத் தெரிந்த படம், வாசலுக்குக் கொண்டு போனால் சிவப்பு அடிக்கும். கலர் மைகளைக் கலந்து செய்த சாம்பல் எல்லா வெளிச்சத்திலும் ஒரே மாதிரி நிற்காது. கலர் மை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு இந்தத் தொல்லையும் குறையும்.

அப்போ என்ன பிரிண்டர்தான் வாங்குவது?

கறுப்பு வெள்ளைதான் உயிர் என்றால், சாம்பல் மைகள் தனியாக உள்ள பிக்மென்ட் பிரிண்டர், அதாவது தண்ணீரில் கரையாத நுண்துகள் மை ஓடுகிற பிரிண்டர். எப்சனில் பி700, பி900 வகை. கறுப்போடு இரண்டு சாம்பல் மை இருக்கும், பிரிண்டரை ஓட்டும் மென்பொருளான டிரைவரிலேயே கறுப்பு வெள்ளைக்கென்று தனி மோட் இருக்கும். அந்த மோடில் படத்தின் பெரும்பகுதியைக் கறுப்பும் சாம்பலும் பார்த்துக்கொள்ளும், கலர் மை துளியூண்டுதான். கெனனில் புரோ-300 மாதிரி. அதற்கு வசதியில்லை என்றால் இருக்கிற எல்1800-ஐ வைத்தே நல்ல படம் எடுக்கலாம். நானும் பல வருடம் அப்படித்தான் ஓட்டினேன். ஆனால் கீழே சொல்லும் வேலையெல்லாம் அதற்கு இரண்டு மடங்கு தேவைப்படும்.

பேப்பரை மாற்றினால் உண்மையில் என்ன மாறுகிறது?

மூன்று விஷயம். கறுப்பின் ஆழம், வெள்ளையின் நிறம், மை பரவும் விதம். இதில் முதலாவதுதான் ராஜா.

நல்ல கிளாசி (மினுங்கும் பேப்பர்) அல்லது பரைட்டா (பேரியம் பூச்சுள்ள பேப்பர்) வகையில் பிக்மென்ட் கறுப்பின் அடர்த்தி 2.3-க்குப் பக்கத்தில் போகும், சிலவற்றில் அதற்கும் மேலே. மினுக்கமில்லாத மேட் பேப்பரில் 1.6, 1.7-இலேயே நின்றுவிடும். எண்ணாகக் கேட்டால் சின்ன வித்தியாசம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் இது மடக்கைக் கணக்கு. அடர்த்தி 2.3 என்றால் விழுந்த வெளிச்சத்தில் அரை சதவீதம்தான் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. 1.65 என்றால் இரண்டு சதவீதத்துக்கும் மேல். அதாவது மேட் பேப்பரின் 'முழுக் கறுப்பு' கிளாசியின் கறுப்பைவிட நாலு மடங்குக்கு மேல் வெளிச்சமானது.

இதனால்தான் ஒரே ஃபைல் கிளாசியில் கனமாகவும் மேட்டில் தூசி படிந்த மாதிரியும் வருகிறது. பிரிண்டர் பிழையில்லை, பேப்பரின் எல்லை அது. கிளாசி மாதிரி ஆக்குகிறேன் என்று மேட் பேப்பரில் மேலும் மேலும் மை ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு அளவுக்கு மேல் ஊற்றினால் கறுப்பு கூடாது. பள்ளமாகவும் திட்டுத் திட்டாகவும் தெரியும், சில பேப்பரில் கறுப்பு வெளிறக்கூடச் செய்யும். கறுப்பின் ஆழத்தை நாம் கூட்ட முடியாது. அந்த ஆழத்துக்கும் பேப்பரின் வெள்ளைக்கும் நடுவில் படிகளை எப்படி அடுக்குவது என்பது மட்டும் நம் கையில். அதற்குத்தான் எல்லோரையும் 21 படி சார்ட் அடிக்கச் சொல்கிறேன்.

நான் வாங்கிய பேப்பரின் பெயர் டிரைவரில் இல்லையே? எதைத் தேர்ந்தெடுப்பது?

பெயரைப் பார்க்காதீர்கள். பேப்பர் வகை என்று டிரைவர் கேட்கும்போது அது உண்மையில் கேட்பது, எவ்வளவு மை இறக்கட்டும், எந்தக் கறுப்பை எடுக்கட்டும், மை தெளிக்கும் ஹெட்டை எவ்வளவு தூக்கட்டும் என்பதைத்தான். கண்டியிலோ கொழும்பிலோ வாங்கிய பெயர் தெரியாத கிளாசிக்கு, டிரைவரில் உள்ள மூன்று நாலு கிளாசி வகைகளிலும் ஒரே துண்டு டெஸ்டை அடியுங்கள். மேட் என்றால் மேட் வகைகளில். காய்ந்த பிறகு பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கறுப்பு ஆழமாகவும் இருக்க வேண்டும், அதற்கு முந்தைய இருண்ட படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமலும் இருக்க வேண்டும். இரண்டும் கிடைக்கிற அமைப்பு எதுவோ, அதுதான் அந்தப் பேப்பரின் அமைப்பு. பேப்பர் உறையில் என்ன போட்டிருந்தாலும் கவலையில்லை.

போட்டோ பிளாக், மேட் பிளாக் இரண்டும் கறுப்புத்தானே?

இல்லை. போட்டோ பிளாக்கை மேட் பேப்பரில் அடித்தால் கறுப்பு செத்துச் சாம்பலாகிவிடும். மேட் பிளாக்கைக் கிளாசியில் அடித்தால் பேப்பர் அதைப் பிடித்துக்கொள்ளாது, விரலால் தேய்த்தால் கரி மாதிரி கையோடு வரும். பி600 போன்ற பழைய மாடல்களில் இரண்டும் ஒரே வழியைப் பங்கு போடுகின்றன, ஒவ்வொரு முறை மாற்றும்போதும் மை வீணாகும். அப்படிப் பிரிண்டர் இருப்பவர்கள் ஒரு வாரம் மேட், ஒரு வாரம் கிளாசி என்று வேலையைச் சேர்த்து வைத்து அடியுங்கள். பி700, பி900-இல் தனித்தனி வழி, கவலையில்லை.

21 படி சார்ட் என்கிறீர்களே, அதை எப்படிச் செய்வது? பொறுமையாகச் சொல்லுங்கள், அண்ணே.

சரி, இதுதான் முக்கியமான இடம்.

என் அப்பாயியின் படம் ஒன்று இருக்கிறது. கூடையின் கயிறு நெற்றியில், இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குத் துணி, முட்டிவரை தேயிலைச் செடி, பின்னால் மூட்டம். கிளாசியில் அடித்தபோது எல்லாம் சரி. காசு சேர்த்து வாங்கிய ஒரு மேட் பேப்பரில் அடித்தேன். படங்கும் செடியும் ஒரே கறுப்புக் கட்டியாகப் போய்விட்டது. அப்பாயி இடுப்புக்குக் கீழே ஒரு பாறைக்குள் புதைந்து நிற்பது மாதிரி. முகம் வேறு இரண்டு வயசு கூடி, கன்னம் இருண்டுவிட்டது. ஃபைலைத் திறந்து நிழலைத் தூக்கினேன், முகம் வெளிறியது. முகத்தைச் சரி செய்தேன், மூட்டம் காணாமல் போனது. நாலு ஷீட் போன பிறகுதான் உட்கார்ந்து சார்ட் அடித்தேன்.

சார்ட் என்பது வெறும் 21 கட்டம். முதல் கட்டம் 0, அதாவது வெறும் பேப்பர். அடுத்தது 5 சதவீதக் கறுப்பு, பிறகு 10, 15 என்று 100 வரை. ஃபோட்டோஷாப்பிலோ இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலோ நீங்களே செய்யலாம். ஃபைலை கிரே காமா 2.2-இல் வையுங்கள், பிறகு அடிக்கப்போகும் படமும் அதிலேயே இருக்கட்டும். எந்த அமைப்பில் படம் அடிப்பீர்களோ அதே அமைப்பில் சார்ட்டை அடியுங்கள். ஒரு நாள் காய விடுங்கள்.

அப்புறம் அளவு. எல் மதிப்பு என்று ஒன்று உண்டு. நம் கண் வெளிச்சத்தை உணர்கிற கணக்கில், முழு வெள்ளை 100, முழுக் கறுப்பு 0. அடித்த சார்ட்டை ஸ்கேன் செய்து திறந்து, ஃபோட்டோஷாப்பின் இன்ஃபோ பெட்டியை லேப் என்று மாற்றினால் அது தெரியும், கிம்ப்பில் கலர் பிக்கர் காட்டும். என் மேட் பேப்பரில் வெறும் பேப்பர் 96, முழுக் கறுப்பு 17. நடுவில் இருப்பது 79. இதை 20 சம படியாகப் பிரித்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் கிட்டத்தட்ட 4 குறைய வேண்டும். அப்படியென்றால் 50 சதவீதக் கட்டம் 56.5-இல் நிற்க வேண்டும், 75 சதவீதம் 37-க்குப் பக்கத்தில், 90 சதவீதம் 25-இல்.

உண்மையில் வந்தது வேறு. 50 சதவீதக் கட்டம் 49. 75 சதவீதம் 27. 90 சதவீதம் 18.5, முழுக் கறுப்புக்கு ஒன்றரைதான் பாக்கி. அதாவது 90-இலிருந்து 100 வரையான கட்டங்களைப் பேப்பர் ஒரே கறுப்பாக விழுங்கிவிட்டது. அப்பாயியின் படங்கும் செடியும் அந்த இடத்தில்தான் இருந்தன.

திருத்தம் இப்படி. 56.5 எந்த இடத்தில் வருகிறது என்று சார்ட்டில் தேடினேன். 40 சதவீதக் கட்டம் 58, 50 சதவீதக் கட்டம் 49. அப்போ 56.5 ஏறத்தாழ 42 சதவீதத்தில். ஃபோட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் படத்தின் இருட்டு வெளிச்சத்தை மாற்றுகிற கர்வ் கருவியில் 50 என்ற புள்ளியை 42-க்கு இழுத்தேன். இதே மாதிரி 75-ஐ 63-க்கு, 90-ஐ 78-க்கு. 0-வும் 100-உம் அசையக் கூடாது, அவை பேப்பரின் எல்லைக் கற்கள். அந்தக் கர்வைப் பேப்பரின் பெயரிலேயே சேமித்தேன். கர்வைப் போட்டுச் சார்ட்டை மறுபடி அடித்து, படிகள் சமமாக இறங்குகின்றனவா என்று ஒருமுறை பார்த்தேன். இரண்டு இடத்தில் இன்னும் கொஞ்சம் தட்டிக் கொட்ட வேண்டியிருந்தது.

பிறகு அப்பாயியை அடித்தேன். ஃபைலில் கை வைக்கவே இல்லை. படங்கின் மடிப்பு தெரிந்தது. அதற்குக் கீழே இலை இலையாகச் செடி தெரிந்தது.

அளக்கக் கருவி இல்லை. ஸ்கேனர் போதுமா?

போதும், அதற்கென்று ஒரு ஒழுங்கு இருந்தால். ஸ்கேனரின் ஆட்டோ திருத்தங்கள் எல்லாவற்றையும் அணையுங்கள். இல்லாவிட்டால் அதுவே ஒரு கர்வைப் போட்டு உங்களை ஏமாற்றும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புள்ளியைத் தொடாமல், பெரிய பகுதியின் சராசரியை எடுங்கள். மேட் பேப்பரின் சொரசொரப்பு எண்ணை ஆட்டிவிடும். ஆழ்ந்த கறுப்பில் ஸ்கேனர் கொஞ்சம் தடுமாறும். அதனால் கடைசி நாலு கட்டத்துக்கு, ஜன்னல் ஓரமாகக் கண்ணால் பார்த்த முடிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் இப்போது அளவுக் கருவி இருக்கிறது. ஆனால் முதல் மூன்று வருடக் கர்வ்கள் எல்லாம் பழைய பிளாட்பெட் ஸ்கேனரில் செய்ததுதான், அவற்றில் இரண்டை இன்னும் மாற்றவில்லை.

பேப்பர் கம்பனி, நிறம் சரியாக வர ஐசிசி புரோஃபைல் என்ற ஃபைலைத் தருகிறதே. அதைப் போட்டால் போதாதா?

கலருக்குப் போதும். கறுப்பு வெள்ளைக்குச் சில நேரம் போதும். அந்தப் புரோஃபைல் செய்யப்பட்டது அவர்களின் பிரிண்டரில், அவர்களின் ஒரிஜினல் மையில். உங்களிடமும் அதே மாடல், அதே மை என்றால் முதலில் அதைத்தான் போட்டுப் பாருங்கள், ஃபைலின் கறுப்பைப் பேப்பரின் கறுப்போடு பொருத்துகிற பிளாக் பாயின்ட் காம்பன்சேஷனை மறக்காமல் ஆன் செய்து. ரீஃபில் மை ஊற்றியிருந்தால் அந்தப் புரோஃபைலுக்கும் உங்களுக்கும் சொந்தமே இல்லை.

எப்சனின் கறுப்பு வெள்ளை மோடில் இந்தக் கலர் புரோஃபைல் வேலைக்கு வராது. அங்கே கர்வ்தான் வழி. இன்னும் ஆழமாகப் போக நினைப்பவர்கள் குவாட்டோன்ரிப் என்ற மென்பொருளைப் பாருங்கள். எப்சனின் பல மாடல்களில் ஒவ்வொரு மையும் எங்கே எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை நாமே எழுதலாம். மேலே சொன்ன 21 எல் மதிப்பையும் அதற்குக் கொடுத்தால் சமப்படுத்தும் வேலையை அதுவே செய்துவிடும். கலர் மையையே தூக்கிவிட்டு எல்லாத் தொட்டியிலும் வெவ்வேறு சாம்பல் நிரப்பும் பியஸோகிராஃபி என்ற முறையும் உண்டு. அழகுதான். ஆனால் கல்யாண ஆல்பமும் அடிக்க வேண்டிய ஒரே பிரிண்டரில் அதைச் செய்துவிட்டு என்னிடம் வந்து அழாதீர்கள்.

ஸ்க்ரீனில் நன்றாகத்தான் இருக்கிறது. பிரிண்ட் மட்டும் இருட்டு.

ஸ்க்ரீனின் வெளிச்சத்தைக் குறையுங்கள். பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான் பதில். புது மானிட்டர் கண்ணைப் பறிக்கிற வெளிச்சத்தில் வருகிறது. பிரிண்ட் வேலைக்கு சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டலா வெளிச்சம் போதும். அளக்க முடியாவிட்டால் ஒரு வெள்ளைப் பேப்பரை, நீங்கள் படம் பார்க்கும் விளக்கின் கீழே மானிட்டர் பக்கத்தில் பிடியுங்கள். ஸ்க்ரீனில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, இரண்டும் ஒரே அளவாகத் தெரியும்வரை குறையுங்கள்.

மூட்டம் எடுத்த படங்களில் வெள்ளை எல்லாம் ஓட்டை மாதிரித் தெரிகிறதே?

இது மலைநாட்டுக்காரனுக்கே உரிய பிரச்சினை. கடற்கரைக்காரன் எப்போதாவது பார்ப்பான், நாம் தினமும் பார்க்கிறோம். மூட்டத்தின் அழகு 2 சதவீதத்துக்கும் 10 சதவீதத்துக்கும் இடையிலேயே நடந்து முடிந்துவிடும். 5 சதவீத இடைவெளிச் சார்ட் அந்த இடத்தில் பெரிய பல் சீப்பு மாதிரி, எதையும் பிடிக்காது. அதனால் மூட்டத்துக்கு மட்டும் 0, 1, 2, 3 என்று 10 வரை ஒரு குட்டிச் சார்ட் அடியுங்கள். பேப்பரிலிருந்து எந்தக் கட்டம் முதலில் பிரிந்து தெரிகிறது என்று பாருங்கள். ஒரு பேப்பரில் 2-இலேயே தெரியும், இன்னொன்றில் 4-இல்தான். அந்த எண்ணைக் குறித்து வைத்து, படத்தின் மிக வெளிச்சமான மூட்டம் அந்த எண்ணுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளாசியில் பிக்மென்ட் மை அடித்தால் மை விழாத இடம் வேறு மாதிரி மினுங்கும். சாய்த்துப் பார்த்தால் மூட்டத்தின் நடுவில் எண்ணெய்ப் பொட்டு மாதிரித் தெரியும். அதற்கும் மருந்து இதுதான்: சுத்த வெள்ளையை விடாமல் 1, 2 சதவீதம் மை இறங்கட்டும். என் சொந்த விருப்பம் கேட்டால், மூட்டப் படத்தை மேட்டில்தான் அடிப்பேன். மினுக்கமில்லாத பேப்பரில் மூட்டம் மூட்டமாகவே இருக்கிறது.

மழைக்காலத்தில் அடித்தால் வேறு மாதிரி வருகிறது. பிரமையா?

பிரமை இல்லை. பேப்பர் ஈரத்தைக் குடிக்கும். ஈரம் குடித்த பேப்பரில் மை கொஞ்சம் அதிகமாகப் பரவும், நடுச் சாம்பல்கள் இருளும், ஓரம் அலையலையாக எழும்பி ஹெட்டில் உரசும். டை மையாக, அதாவது தண்ணீரில் கரைகிற சாய மையாக இருந்தால் அடித்த பிறகும் ஈரத்தில் நகர்ந்து நிறம் மாறும்.

மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்தைப் போட்டுச் சாத்தும். அதே ஜூலை, ஓகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளை, பதுளையில் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தருவதே அந்தக் காற்றுதான். பண்டாரவளையில் ஒரு நண்பர் செய்து அனுப்பிய கர்வை ஜூலையில் இங்கே போட்டுப் பார்த்தேன். அதே பிரிண்டர் மாடல், அதே பேப்பர். நடுச் சாம்பல் எல்லாம் ஒரு படி இருட்டு. அவரைத் திட்டிவிட்டு, பிறகு ஜன்னலைப் பார்த்தேன்.

பிரிண்டர் கையேடுகள் ஈரப்பதம் 20 முதல் 80 சதவீதம், வெப்பம் 10 முதல் 35 டிகிரி என்று சொல்லும். நம் மழைநாளில் 80-ஐத் தாண்டுவது பெரிய விஷயமில்லை. 1,868 மீட்டர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படியும். விடிகாலையில் பூட்டியிருந்த அறையைத் திறந்ததும் அடிக்காதீர்கள், அறை சூடேறட்டும்.

நான் செய்வது: பேப்பரை உறையோடு காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பையோடு வைப்பேன். அடிக்கும் அன்று தேவையான ஷீட்டை மட்டும் எடுப்பேன். ட்ரேயில் இரவு முழுக்க விடவே மாட்டேன். நீல மணி சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது, சூடாக்கினால் மறுபடி நீலமாகும். சோறு கறி ஆக்கும் சட்டியில் மட்டும் சூடாக்க வேண்டாம், நீல நிறத்துக்குப் போடும் சாயம் நல்லதில்லை. முக்கியமான பேப்பர்களுக்கு மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று இரண்டு கர்வ் வைத்திருக்கிறேன்.

பழைய படங்களின் பழுப்பு நிறம் வேண்டும். எப்படி?

பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்துக்குப் போயிருக்கிறீர்களா? பழைய காலத்துப் புகழ்பெற்ற படக்காரி ஜூலியா மார்கரெட் கெமரனின் கல்லறை அங்கேதான். 1875-இல் இங்கிலாந்திலிருந்து இங்கே வந்து, 1879-இல் இந்த மலையிலேயே இறந்தவர். அவர் காலத்துப் படங்கள் பெரும்பாலும் அல்புமின் பேப்பரில், அதாவது முட்டை வெள்ளைக்கரு பூசிய பேப்பரில், வெயிலில் வைத்து எடுத்தவை. அந்தப் பழுப்பு அந்த வெள்ளித் துகளின் சுபாவம். மேலே யாரும் பூசியதில்லை.

இப்போது டிரைவரில் செப்பியா என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் பிளேன்டீ கொட்டிய மாதிரி வரும். அதை விட்டுவிட்டு வார்ம் என்பதை எடுங்கள், அதுவும் கொஞ்சமாக. அதைவிட நல்லது பேப்பரிலிருந்தே தொடங்குவது. வெண்மையூட்டி சேராத காட்டன் பேப்பர் தானாகவே பால்கோவா நிறத்தில் இருக்கும், அதில் நியூட்ரல் மையே போதும். வெண்மையூட்டி சேர்த்த பேப்பர் வெளியே பகல் வெளிச்சத்தில் நீல வெள்ளையாகப் பளிச்சிடும், வீட்டு எல்இடியில் மங்கிவிடும், வருடங்கள் போகப் போக மஞ்சளிக்கும். அதன் மேல் பழுப்பு ஏற்றினால் இரண்டும் சண்டை பிடிக்கும்.

காட்டன் பேப்பரில் கறுப்புக்கு நடுவே வெள்ளைப் புள்ளி விழுகிறது.

பேப்பரின் பஞ்சுத் தூசி. மை அதன் மேல் விழுகிறது, பிறகு அது உதிர்கிறது, அடியில் வெள்ளை. அடிக்கும் முன் மெல்லிய பிரஷால் ஒரு பக்கமாகத் தட்டிவிடுங்கள். தடித்த பேப்பர் என்றால் ஹெட் இடைவெளியை அகலமாக வைக்கவும் மறக்காதீர்கள்.

எந்தப் பக்கம் அடிக்கிற பக்கம் என்று தெரியாவிட்டால், லேசாக ஈரமாக்கிய விரலால் ஒரு மூலையைத் தொடுங்கள். ஒட்டுகிற பக்கம்தான் பூச்சுள்ள பக்கம்.

ரீஃபில் மை ஊற்றலாமா?

நான் ஊற்றினேன். கேளுங்கள். ஒரு கடையில் பிக்மென்ட் என்று சொல்லிக் கொடுத்தார்கள், விலை பாதி. சார்ட் அடித்தேன், கர்வ் செய்தேன், எல்லாம் சுகம். ஒரு கோவில் திருவிழாப் படங்கள் இருபதை அடித்துக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் ஒருவர் படத்தைத் திருப்பிக் கொண்டு வந்தார், சாமி தூக்கியவர்களின் முகமெல்லாம் செம்பழுப்பு. கூரைத் தகரத்திலிருந்து ஒழுகிய ஒரு துளித் தண்ணீர் பட்ட இடம் ஊதாவாகப் பரவியிருந்தது. பிக்மென்ட் தண்ணீர் பட்டதும் அப்படிக் கரைந்து ஓடாது. எனக்குக் கிடைத்தது டை மை. இருபதையும் என் கைக்காசில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

வாங்கினால் ஒரு துண்டு அடித்து, காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் துடைத்துப் பாருங்கள். போத்தல் மாறும்போதெல்லாம் சார்ட்டும் மறுபடி அடிக்க வேண்டும். மையில் மிச்சம் பிடித்ததைப் பேப்பரில் கொடுப்பீர்கள்.

டிரைவரில் பிரிண்டின் துல்லியம் (டிபிஐ) 1440-ஆ 2880-ஆ?

1440. பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஹை ஸ்பீடை மட்டும் அணையுங்கள்.

டெஸ்டுக்குச் சாதாரண ஏ4 பேப்பர் போதாதா?

போதாது. அது அந்த ஏ4 பேப்பருக்குத்தான் டெஸ்ட். நல்ல பேப்பரில் ஒரு ஷீட்டை நாலாக வெட்டிக்கொள்ளுங்கள்.

லைட் போனால் பிரிண்டருக்கு ஏதும் ஆகுமா?

பாதி அடிக்கும்போது போனால் ஹெட் மூடியில்லாமல் நடுவழியில் நின்றுவிடும். மை காயும், மை வரும் துளையான நொசில் அடைக்கும். 2022-இல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது எத்தனை பிரிண்டர் செத்தது என்று கணக்கில்லை. சின்ன யூபிஎஸ் ஒன்று போடுங்கள், ஹெட் தன் இடத்துக்குப் போய்ச் சேரும் நேரம் கிடைத்தால் போதும். சுவர் சுவிட்சில் அணைக்காமல் பிரிண்டரின் பொத்தானிலேயே அணையுங்கள். ஒவ்வொரு நாளும் முதல் வேலை நொசில் செக். ஒரு நொசில் அடைபட்டிருக்கும்போது செய்த கர்வ் குப்பைக்குத்தான் போகும்.

கருமாதிக்குப் பெரிய படம் அவசரமாக வேண்டும். அடையாள அட்டைப் படம்தான் இருக்கிறது.

இது அடிக்கடி வரும். பழைய அடையாள அட்டையின் கறுப்பு வெள்ளைப் படம், மேலே முத்திரை, லேமினேட் கீறல். இதற்குக் கிளாசி வேண்டாம். கிளாசி எல்லாக் கீறலையும் கூட்டிக் காட்டும். மேட் அல்லது லஸ்டர் (அரை மினுக்கப் பேப்பர்) எடுங்கள். மேட்டின் மெல்லிய கறுப்பு அந்தக் குறைகளை மன்னித்துவிடும். 16 பிட்டில் ஸ்கேன் செய்யுங்கள், இல்லாவிட்டால் கன்னத்தில் வரி வரியாக விழும். மேட்டுக்கு ஷார்ப்பன் கொஞ்சம் கூட வேண்டும், ஆனால் இந்த மாதிரிப் படத்தில் கண்களுக்கு மட்டும் கொடுங்கள்.

அவசரம் என்றாலும் ஒரு இரவாவது காயாமல் கண்ணாடிக்குள் போடாதீர்கள். மையிலிருந்து வரும் ஆவி கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும். மாலை போட்டு, கீழே விளக்கேற்றி வைத்த பிறகு அந்த வீட்டில் யாரும் ஃபிரேமைக் கழற்றித் துடைக்க மாட்டார்கள். பேப்பர் கண்ணாடியில் ஒட்டாமல் நடுவில் மவுண்ட் போர்டு ஒன்று வையுங்கள். டை மையில் அடித்ததாக இருந்தால் வெயில் படும் சுவர் வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

இத்தனை கர்வையும் எப்படி ஞாபகம் வைத்திருப்பது?

ஞாபகத்தில் இல்லை, பின்பக்கத்தில். ஒவ்வொரு சார்ட்டின் பின்னாலும் பென்சிலால் எழுதுவேன்: பேப்பர், டிரைவர் அமைப்பு, எந்தக் கறுப்பு, கர்வின் பெயர், தேதி, அன்று மழையா வெயிலா. சார்ட்டுகள் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. பேனாவால் எழுத வேண்டாம், அடுத்த சார்ட்டின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஒட்டியது.